அவருக்கு விருது கிடைத்த ஞாயிறு

எங்கள் நடிகருக்குச் சிறந்த நடிகர் விருது கொடுத்த நாளோடு எனக்கும் என் கூட்டாளிக்கும் பேச்சு முறிந்தது. இப்படிச் சொன்னால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். நாற்பது தாண்டிய இரண்டு பெண்கள், பிள்ளைகுட்டிக்காரிகள், இந்தியாவில் யாருக்கோ கொடுத்த விருதுக்காகச் சண்டை பிடித்தார்களா என்று. என் கணவரும் முதலில் சிரித்தார். அதனால் ஆரம்பத்திலிருந்தே எழுதுகிறேன்.

தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து முஸ்லிம்களான எங்களை வெளியேற்றியபோது எனக்கு எட்டு வயது. படகில் கற்பிட்டிக் கரையில் இறங்கி, அங்கிருந்து புத்தளம் தில்லையடியில் ஒரு கிடுகுக் கொட்டிலுக்கு வந்து சேர்ந்தோம். பள்ளிக்கூடங்களில் எங்களுக்கு இடம் போதவில்லை. ஊர்ப் பிள்ளைகள் காலையில் படித்தார்கள். அவர்கள் வீட்டுக்குப் போன பிறகு, பின்னேரம் நாங்கள் அதே வகுப்பில், அதே கதிரைகளில் உட்கார்ந்து படித்தோம். காலைப் பிள்ளைகளை வாசலில் எதிர்ப்படும்போது பார்ப்போம். கதைக்க மாட்டோம்.

எனக்குப் பதினான்கு வயதானபோது ஒரு நாள் என் மேசைக்குள் பத்திரிகையில் வெட்டிய படம் ஒன்று கிடந்தது. இரண்டே படம் நடித்திருந்த ஒரு புது நடிகர். எனக்கும் அவரைப் பிடிக்கும். படத்தின் பின்பக்கத்தில், "இவருக்கு முன்பல் கொஞ்சம் வளைவு, அதுதான் வடிவு" என்று பென்சிலால் எழுதி வைத்துவிட்டு வந்தேன். அடுத்த நாள் பதில் இருந்தது. ஒரு மாதம் அப்படி எழுதிக்கொண்டோம். பிறகு ஒரு நாள் காலைப் பிள்ளைகள் போய் நாங்கள் வரும் நேரத்தில் வாசலில் ஒரு உயரமான பெண் நின்று, பின்னேரப் பிள்ளைகளை ஒவ்வொருத்தியாகப் பிடித்து, பல்லைப் பற்றி எழுதினது யார் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள்தான் என் கூட்டாளி. கற்பிட்டிப் பக்கத்து மீன்பிடிக் குடும்பம். அவளுடைய வாப்பாவுக்குச் சொந்தமாக, மீன் காயப் போடும் ஒரு கருவாட்டு வாடி இருந்தது.

அந்த நடிகரை வைத்துத்தான் நாங்கள் வளர்ந்தோம் என்று சொன்னால் மிகையில்லை. அவருக்குக் கல்யாணம் ஆனபோது இரண்டு பேரும் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை. பிறகு எங்களுக்கும் கல்யாணம் ஆனது. அவளும் கல்யாணத்துக்குப் பிறகு தில்லையடிக்கு வந்தாள். வீட்டு முன் அறையில் தையல் கடை போட்டாள். நான் காலையில் பாலர் பாடசாலையில் படிப்பித்துவிட்டு, பின்னேரத்தில் அவளுடைய கடையில் அபாயாக்களுக்குக் கல் பதித்துக் கொடுத்தேன். கை வேலையில் இருக்கும், வாய் அவரைப் பற்றிக் கதைக்கும்.

அவருக்கு விருது மட்டும் கிடைக்கவே இல்லை. ஒவ்வொரு வருடமும் பெயர் பட்டியலில் வரும், கமரா அவருடைய முகத்தைக் காட்டும், உறையைப் பிரித்து வேறு யாருடைய பெயரையோ வாசிப்பார்கள். அவர் சிரித்துக்கொண்டே கை தட்டுவார். எங்களுக்கு வயிறு எரியும். விருது வாங்கினவர்களை நாங்கள் ஏசிய ஏச்சுக்கு அளவில்லை. அழத் தெரியாதவன், அப்பன் பெயரால் வந்தவன், தயாரிப்பாளருக்கு மருமகன். மூத்தவளைப் பெற்று ஆஸ்பத்திரி வார்ட்டில் கிடந்தபடி எனக்குக் கோல் எடுத்து, "இந்த முறையும் அந்தத் தடியனுக்குத்தான் குடுத்தாங்க" என்று சொன்னவள் அவள். அவளுடைய வாப்பா மௌத்தாகி ஏழாம் நாள் கத்தம் ஓதிய அன்று, குசினியில் சோறு வடித்துக்கொண்டிருக்கும்போது கிட்ட வந்து, "பார்த்தியா, இந்த வருஷமும் இல்ல" என்று காதுக்குள் சொன்னாள். அழுத கண்ணோடு அதைச் சொன்னாள். அப்படிப்பட்ட கூட்டாளித்தனம்.

பிறகு அந்தப் படம் வந்தது. அவளுடைய பத்தொன்பது வயது மகள் பென் டிரைவில் கொண்டு வந்தாள். தையல் அறையில் வைத்து இரண்டு பின்னேரங்களாகப் பார்த்தோம். அவர் அதில் பொலிஸ் அதிகாரி. குண்டு வைக்கிறவர்களைத் தேடிப் போகிறார். குண்டு வைக்கிறவர்கள் எல்லோருக்கும் தொப்பி, தாடி, பிஸ்மி சொல்லிவிட்டுத்தான் பொத்தானை அழுத்துகிறார்கள். இதெல்லாம் பார்த்துப் பழகியதுதான், அதை நான் பெரிதாக எடுக்கவில்லை. படத்தின் நடுவில் ஒரு காட்சி வந்தது. அவர் ஜீப்பின் மேல் ஏறி நின்று ஒலிபெருக்கியைக் கையில் எடுத்து, பள்ளிவாசல் இருக்கிற ஒரு தெருவைப் பார்த்துச் சொல்கிறார்: "ஒரு மணி நேரம். உயிரை மட்டும் எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க." பின்னால் மேளம் அடிக்கிறது. பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். அவர் கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொள்கிறார்.

எங்கள் தெருவுக்கு ஒலிபெருக்கி வந்தபோது உம்மா அடுப்பில் கஞ்சி வைத்திருந்தா. அறிவித்தவர்கள் புலிகள் இயக்கத்துப் பிள்ளைகள். எங்கள் பாஷையில், எங்களைவிடத் திருத்தமாகச் சொன்னார்கள். வாப்பா திரும்பத் திரும்ப வாசலுக்குப் போய், சரியாகக் கேட்டதா என்று எதிர்வீட்டாரிடம் விசாரித்தது எனக்குத் தெரியும்.

கையில் இருந்த கல்லெல்லாம் நிலத்தில் கொட்டிவிட்டது. பொறுக்கினேன். கறி வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். அடுத்த நாள் அவள், அந்தக் காட்சி எப்படி என்று கேட்டாள். நன்றாக நடித்திருக்கிறார் என்று சொன்னேன். அது பொய்யில்லை. ஆனால் சொல்ல வேண்டியதை அன்றைக்கே சொல்லியிருக்கலாம். அவளோடு அவரைப் பற்றி மாற்றுக் கருத்து கதைத்துப் பழக்கமில்லை எனக்கு.

அந்த வசனம் எங்கும் பரவியது. ஓட்டோவின் பின்கண்ணாடியில் எழுதி ஒட்டினார்கள். பஸ்ஸில் யாருடைய ஃபோனோ அந்தக் குரலில் அடித்தது. கூட்டாளியின் மகள் ரிமோட்டையோ கரண்டியையோ வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு, வருகிற போகிற எல்லோரிடமும் அதைச் சொல்லிக் காட்டினாள். கெட்டிக்காரப் பிள்ளை, அச்சொட்டாக அவர் மாதிரியே சொல்வாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

விருது விழாவை ஞாயிற்றுக்கிழமை அசர் தொழுகைக்குப் பிறகு டிவியில் போட்டார்கள். உண்மையில் விழா முதல் நாளே முடிந்து, முடிவும் ஃபோனில் வந்துவிட்டது. எனக்கு யாரும் சொல்லக் கூடாது என்று அவள் வீட்டில் உத்தரவு போட்டிருந்தாளாம். எனக்கும் தெரியும். தெரியாத மாதிரிப் போய் உட்கார்ந்தேன். எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். பக்கத்து வீட்டு ராத்தா ஒருவரும் வந்திருந்தா. அவவும் எங்களைப் போல வந்தவதான், யாழ்ப்பாணத்திலிருந்து. கூட்டாளி ரோல்ஸ் சுட்டிருந்தாள். பெருநாள் மாதிரி நல்ல உடுப்பு உடுத்திருந்தாள்.

அவருடைய பெயரை வாசித்தபோது அவள் என்னைக் கட்டிப் பிடித்து அழுதாள். நானும் அழுதேன். அதை மறைக்க மாட்டேன். எத்தனை வருடத்து ஏக்கம். நரைத்த தாடியோடு அவர் படியேறினதைப் பார்த்து இரண்டு கையும் நோக நோகத் தட்டினேன்.

அதற்குப் பிறகு படத்தின் காட்சியைப் போட்டார்கள். அந்தக் காட்சியைத்தான். முடிந்ததும் நிகழ்ச்சி நடத்துகிறவர், எல்லோருக்காகவும் அந்த வசனத்தை ஒரு தடவை சொல்லுங்கள் என்று கேட்டார். அவர் வெட்கப்பட்ட மாதிரிச் சிரித்தார். பிறகு ஒலிவாங்கியைக் கையில் எடுத்தார். மண்டபம் முழுக்க எழுந்து நின்று அவரோடு சேர்ந்து சொன்னது. எங்கள் அறையிலும் சொன்னார்கள். மகள் எனக்கு முன்னால் வந்து நின்று, ரிமோட்டைப் பிடித்து, என் முகத்தைப் பார்த்து, "உயிரை மட்டும் எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க, மாமி" என்றாள்.

அந்தப் பிள்ளையில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் நான் எழும்பிப் போய்ச் சுவரில் இருந்த சுவிட்சை நிறுத்தினேன்.

"என்னத்துக்கு நிப்பாட்டின?" என்று கூட்டாளி கேட்டாள். கோபமில்லை, விளங்காமல்தான் கேட்டாள்.

"எங்கட தெருவுலயும் இப்பிடித்தான் ஸ்பீக்கர்ல சொன்னாங்க."

"அதுக்கு இவர் என்ன செய்ற? இது படம்."

"படம்தான். அந்தத் தெருவுல ஓடுறது யாரு? நீயும் நானும்தானே."

"அவர் கெட்டவங்களத்தானே வெரட்டுறார்."

"எங்களயும் அப்பிடிச் சொல்லித்தான் வெரட்டின," என்றேன்.

பக்கத்து வீட்டு ராத்தா, சினிமாதானே, விடுங்க என்று மெதுவாகச் சொன்னா. அவவுடைய கண் நிலத்தில் இருந்தது. எனக்கு ஆதரவாக அவ ஒரு வார்த்தை சொல்வா என்று எதிர்பார்த்தேன். அவ ரோல்ஸ் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழும்பிப் போய்விட்டா.

கூட்டாளி டிவியைத் திரும்பப் போடவில்லை. கதிரையில் உட்கார்ந்து, முக்காட்டின் நுனியால் கண்ணைத் துடைத்தாள். "இவ்வளவு வருஷம் காத்திருந்து இண்டைக்கு ஒரு நாள் சந்தோஷப்பட்டன். அதுலயும் நீங்க வந்தவங்க ஒங்கட கதையக் கொண்டு வந்து வெச்சிட்டீங்க."

இத்தனை வருடத்தில் அவள் என்னை 'நீ' என்றுதான் சொன்னாள். அன்றைக்குத்தான் 'நீங்க' ஆனேன். 'நீங்க வந்தவங்க'. அந்தச் சொல்லைக் கடையில், அரசாங்கக் கச்சேரியில், தண்ணீர்க் குழாயடியில் கேட்டிருக்கிறேன். அவளுடைய வாயிலிருந்து கேட்டதில்லை. நானும் ஒன்றைச் சொன்னேன். "கருவாட்டு வாடியில வளந்த ஒனக்கு இதெல்லாம் எங்க வெளங்கப் போகுது" என்றேன்.

அவள் மகளைப் பார்த்து, உள்ளே போய்ப் பிளேன்டீ ஊற்றச் சொன்னாள். பிள்ளை போனதும் என் பக்கம் திரும்பினாள். சத்தம் போடவில்லை.

"அவர்ட நாலாவது படம் ஞாபகமா? மீன்காரப் புள்ள கிட்ட வந்தா மூக்கப் பொத்துவாரே."

ஞாபகம் இருந்தது. அவளுடைய சாச்சி வீட்டில் கசட் போட்டுப் பார்த்த படம். கூடை சுமந்து வரும் பெண்ணைக் கண்டதும் அவர் மூக்கைப் பொத்தி, "கடல் நடந்து வருதுடா" என்பார். நண்பர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

"நீ அண்டைக்குச் சிரிச்சது கிடக்கட்டும். எல்லாரும் சிரிச்ச. அதுக்குப் பொறகு ஒரு மாசம் நான் வாசலுக்கு வாற நேரமெல்லாம் நீ மூக்கப் பொத்தி அந்த வசனத்தச் சொன்ன. ஒன்ட கூட்டத்துக்கு முன்னுக்கு. நான் வீட்ட போய் வாப்பாட சாரத்த வெளிய காயப் போட வேணாம் எண்டு உம்மாவோட சண்ட பிடிச்சன். ஒனக்கிட்ட ஒண்டும் சொல்லல்ல. அவர்ட படத்தையும் எடுத்து எறியல்ல. வாய மூடிட்டுத் திரும்பவும் அவரத்தான் பார்த்தன்."

யோசித்து யோசித்துப் பார்த்தேன். படம் ஞாபகம் இருந்தது, சாச்சி வீட்டுச் சுவரின் நீலப் பெயின்ட் ஞாபகம் இருந்தது. நான் மூக்கைப் பொத்தியது ஞாபகம் இல்லை. அவள் பொய் சொல்கிறவள் இல்லை.

மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டியது அந்த இடத்தில்தான். கேட்கவில்லை. ஊரை விட்டு விரட்டியதும் கருவாட்டு வாடையும் ஒன்றா என்று கேட்டேன். ஒன்று இல்லைதான். இன்றைக்கும் ஒன்று என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அதைக் கேட்ட குரல் நல்ல குரல் இல்லை. அவள், "ஓம், ஒங்களுக்கு நடந்தது மட்டும்தான் பெரிசு" என்றாள். செருப்பைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். பிளேன்டீயை யார் குடித்தார்களோ.

கணவருக்கு நுரைச்சோலையில் காலை வேலை. அன்று லீவு, வீட்டில் இருந்தார். நடந்ததைச் சொன்னேன். டிவியை நிறுத்தியது வரைக்கும், 'வந்தவங்க' என்றது வரைக்கும் சொன்னேன். மூக்கைப் பொத்திய கதையைச் சொல்லவில்லை. அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, அவள் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்றார். நான் எதைச் சொன்னேனோ அதற்கு ஏற்ற தீர்ப்பு.

திங்கட்கிழமை பாலர் பாடசாலை விட்ட பிறகு, வெறும் வகுப்பில் இருந்துகொண்டு, அவருடைய ரசிகர்கள் நடத்தும் ஃபேஸ்புக் பக்கத்தில் எழுதினேன். அந்தப் பக்கத்தில் கூட்டாளியும் நானும் பல வருடமாக இருக்கிறோம். மரியாதையாகத்தான் எழுதினேன். நான் புத்தளத்திலிருந்து எழுதுகிறேன், பதினான்கு வயதிலிருந்து உங்கள் ரசிகை, விருது கிடைத்ததில் சந்தோஷம், ஆனால் எட்டு வயதில் இதே வார்த்தைகளை ஒலிபெருக்கியில் கேட்டு வீட்டை விட்டு வந்தவள், நீங்கள் அதை மேடையில் சொன்னபோது என்னால் கை தட்ட முடியவில்லை என்று. கடைசி வரி முழு உண்மையில்லை. பெயரை வாசித்தபோது தட்டினேன்தானே. அதை எழுதவில்லை.

லுஹர் தொழுதுவிட்டு வந்து பார்த்தேன். பதில்கள் வந்து குவிந்திருந்தன. சிரிக்கும் முகங்கள்தான் அதிகம். ஒருவர், உன்னை மாதிரி ஆட்களைச் சரியாகத்தான் துரத்தியிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தார். ஒருவர், எதிர் நடிகரின் ஆட்கள் வேறு பெயரில் வந்து அழுகிறார்கள் என்றார். ஒரு பெண் அன்பாகவே, அக்கா, அது தீவிரவாதிகளுக்குச் சொன்னது, உங்களுக்கு இல்லை என்று எழுதியிருந்தாள். ஒருவர் இது எந்தப் படத்தின் கதை என்று கேட்டிருந்தார். அவர் கேலிக்குக் கேட்கவில்லை என்றே நினைக்கிறேன். எங்களை அனுப்பிய கதையை அவர் கேள்விப்பட்டதே இல்லை. அதுதான் எனக்கு எல்லாவற்றையும் விடச் சுட்டது.

இத்தனை வருடமும் விருது வாங்கினவர்களை ஏசி இதே பக்கத்தில் நாங்கள் எழுதியவை எத்தனை. அவர்களுடைய ரசிகர்கள் வருத்தப்பட்டு எழுதினால் சிரிக்கும் முகத்தை அழுத்தியதும் நாங்கள்தான். எப்படி அழுத்துவது, எப்போது அழுத்தினால் நோகும் என்பதெல்லாம் எங்களுக்குத் தெரிந்த வேலை.

சிரித்த முகங்களைப் போட்டவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனேன். எதற்காகப் பார்த்தேன் என்று எனக்கே தெரியும். நடுவில் அவளுடைய பெயர் இருந்தது.

விரல் தவறிப் பட்டிருக்கலாம். மகள் உம்மாவின் ஃபோனை எடுத்து அழுத்தியிருக்கலாம். அவளே கோபத்தில் அழுத்தியிருக்கலாம். நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பாள், அதற்குத்தான் பயந்தேன்.

கடைக்கு நான் போகவில்லை. அவள் வரச் சொல்லவும் இல்லை. இரண்டு கிழமைக்குப் பிறகு பக்கத்து வீட்டு ராத்தா ஒரு ஷொப்பிங் பையைக் கொண்டு வந்து தந்தா. உள்ளே என் ஊசிப்பெட்டியும் மூக்குக்கண்ணாடியும். நான் கல் பதித்து அரைவாசியில் விட்டு வந்த அபாயாக் கையை வேறு யாரோ முடித்துக் கொடுத்தார்களாம். ராத்தா போகும்போது வாசலில் நின்று, எனக்கும் அந்தக் காட்சி ஒத்துக்கொள்ளவில்லை பிள்ளை என்றா. அன்றைக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "எனக்கு அந்த வீட்டுத் தண்ணிதான்" என்றா. அவவின் கிணறு உப்பு, கூட்டாளி வீட்டுக் குழாயில்தான் ஒவ்வொரு நாளும் பிடிக்கிறா. அதற்குப் பிறகு நான் அவவைக் குறை சொல்லவில்லை.

அந்த வருடக் கடைசியில் கூட்டாளியின் மகளுக்குக் கல்யாணம் வந்தது. கார்டைப் பிள்ளையின் வாப்பா கொண்டு வந்து என் கணவரிடம் கொடுத்தார். போனேன். ஒரே பெரிய தட்டான சஹனில் ஆறு பேராகச் சுற்றி உட்கார வைத்தபோது, எனக்கு இடம் கொடுத்தது மன்னார்ப் பெண்களோடு. யாராவது வேண்டுமென்று செய்தார்களா, தற்செயலா என்று தெரியாது. முன்பெல்லாம் அந்த வீட்டு விசேஷங்களில் நான் உட்கார்ந்து சாப்பிட்டதே இல்லை. குசினியில் நின்று பரிமாறி, கடைசியில் அவளோடு சட்டியைச் சுரண்டிச் சாப்பிடுவேன்.

அவள் சஹன் சஹனாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். எங்களிடம் வந்து, கறி போதுமா என்று எல்லோருக்கும் பொதுவாகக் கேட்டாள். மெலிந்திருந்தாள். கையைக் கழுவிக்கொண்டு பின்னாலேயே போய், குசினி வாசலில் அவளைப் பிடித்தேன்.

"அந்தப் படம் பார்த்த காலத்துல நான் செஞ்சது பிழைதான்," என்றேன். "எனக்கு ஞாபகம் இல்ல, ஆனா செஞ்சிருப்பன்."

அவள் கையில் வட்டிலாப்பத் தட்டு இருந்தது. என்னைப் பார்த்தாள்.

"வட்டிலாப்பம் எடுத்தீங்களா?" என்று கேட்டாள்.

எடுத்தேன் என்று சொன்னேன். எடுக்கவில்லை. அவள் தட்டை எடுத்துக்கொண்டு மாப்பிள்ளை வீட்டார் இருந்த பக்கம் போனாள். கணவர் வெளியே மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டு நின்றார். என்ன கதைத்தீர்கள் என்று கேட்டார். கறி நல்லமென்று கதைத்தோம் என்றேன்.